சார்ஜ் நிக்காத போன்: பேட்டரி மாத்தறதா, செகண்ட்ஸ் வாங்கறதா, புதுசு எடுக்கறதா?

கோத்தகிரில ஒரு அக்கா, கூடலூர் பக்கம் காலேஜ் படிக்கற ஒரு தங்கச்சி, ஊட்டில டாக்ஸி ஓட்டற ஒரு அண்ணன். மூணு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாது, ஆனா இந்த மார்கழில மூணு பேரும் ஒரே கேள்விய எங்கிட்ட கேட்டாங்க. போன் வாங்கி மூணு வருஷம் ஆச்சு, காலைல நூறு பர்சென்ட் இருக்கு, மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள்ள பதினஞ்சுக்கு வந்துருது, சில நேரம் முப்பது காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குனு ஆஃப் ஆயிருது. பேட்டரிய மாத்தவா, யாராவது குடுக்கற செகண்ட்ஸ் போன வாங்கவா, இல்ல கடன உடன வாங்கியாவது புதுசு எடுக்கவா?

இதுக்கு பொதுவா எல்லாரும் சொல்ற பதில் நம்ம மலைக்கு பாதிதான் பொருந்தும். இங்க குளிரும் சிக்னலும் சேந்து போன படுத்தற பாடு கீழ இருக்கறவங்களுக்கு கெடையாது. அதுபோக கோயம்புத்தூர்ல இருக்கறவங்களுக்கு சர்வீஸ் சென்டர் பஸ்ல அர மணி நேரம், நமக்கு மேட்டுப்பாளையம் எறங்கி அதுக்கப்பறம் இன்னொரு பஸ் புடிச்சு, போக வர ஒரு முழு நாள், அன்னிக்கு கூலியும் போச்சு. அதனால நீலகிரில இருக்கறவங்கள மனசுல வெச்சுதான் இத எழுதறேன், கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் இதேதான், அவங்க எறங்கற ஊர்தான் வேற.

## எதெத வெச்சு எடை போடறது

முதல்ல மாசக் கணக்கு. போன் வெலைய மட்டும் பாக்காதீங்க, நீங்க போடற மொத்தக் காசு இன்னும் எத்தன மாசத்துக்கு ஒழைக்கும்னு வகுத்துப் பாருங்க, அப்பதான் எது மலிவுன்னு தெரியும்.

ரெண்டாவது அப்டேட். செட்டிங்ஸ்ல அபௌட் போன் உள்ள போனீங்கன்னா செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். அது ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருந்து, அப்டேட் தேடினாலும் வரலைன்னா கம்பெனி அந்த மாடல கை விட்டுருச்சுன்னு அர்த்தம். பேங்க் ஆப்பும் யூபிஐயும் வெச்சிருக்கற போன்ல இத சாதாரணமா எடுத்துக்காதீங்க.

மூணாவது பேண்ட், அதாவது உங்க போன் எந்தெந்த அலைவரிசைல டவர்கிட்ட பேசுங்கறது, இத முக்கால்வாசிப் பேர் பாக்கறதே இல்ல. கம்மி அலைவரிசை தூரமா போகும், மேடு பள்ளத்த தாண்டி ஓரளவு வளைஞ்சும் வரும், அதனால மலைக்கு அதுதான் தோது. 700 மெகாஹெர்ட்ஸ்ங்கறது பேண்ட் 28. பிஎஸ்என்எல்லோட 4ஜி அதுல வருது, ஜியோவோட 5ஜிக்கும் அதே அலைவரிசைதான், 5ஜி கணக்குல என்28னு போட்டிருப்பாங்க. பழைய போன் பலதுல 4ஜி பேண்ட் 28 கெடையாது. டவர் இருந்தாலும் போனுக்கு அது கேக்காது, அவ்ளோதான். உங்க மாடல் பேர போட்டு கம்பெனி சைட்ல ஸ்பெசிபிகேஷன் பாத்தா எந்தெந்த பேண்ட்னு வரிசையா இருக்கும்.

நாலாவது ஈரமும் குளிரும். கூடலூர் பந்தலூர்ல ஜூன் ஜூலைல கொட்டற மழை, குன்னூர் கோத்தகிரில ஐப்பசி கார்த்திகை மழை, மீதி நாள்ல மூடுபனி. போன் உள்ள ஈரம் போச்சுன்னா வாரண்டி இருந்தாலும் செல்லாது.

கடைசியா மலை எறங்கற செலவு. மேல சொன்ன நாலுலயும் இது ஒளிஞ்சுட்டு இருக்கும், மறந்துராதீங்க.

## எதுவும் வாங்கறதுக்கு முன்ன: ஒரு வாரம் சோதிச்சுப் பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேட்டரிதான் குத்தவாளியான்னு பாருங்க. இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா நல்லா இருக்கற பேட்டரிய மாத்திட்டு அப்பறமும் சார்ஜ் நிக்கலைன்னு வந்து நின்னவங்கள நான் பாத்திருக்கேன்.

எங்க அத்தை கதைய சொல்றேன். காலைல ஏழரைக்கு தோட்டத்துக்குப் போவாங்க, போன பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கொழுந்துப் பையோட வெளிப் பக்கத்துல செருகியிருப்பாங்க. ஒரு மணிக்கு போன் செத்துரும். புதுப் போன் வாங்கித் தர்றேன்னு பையன் கெளம்பிட்டான். நான் போன வாங்கி பேட்டரி யூசேஜ் பக்கத்த தெறந்து பாத்தா வாட்ஸப்பும் இல்ல யூடியூபும் இல்ல, எல்லாத்துக்கும் மேல உக்காந்திருந்தது மொபைல் நெட்வொர்க். ரோட்டு மேல நின்னா நாலு கட்டம் சிக்னல், தோட்டத்துச் சரிவுல எறங்கினா ஒரு கட்டம், இன்னும் கீழ போனா அதுவும் இல்ல. அதுக்கு மேல ரெண்டாவது சிம் ஒண்ணு, ரீசார்ஜ் பண்ணி பல மாசம் ஆச்சு, ஆனா ஆன்ல கெடக்கு, அதுக்கு அங்க டவரே கெடையாது, நாள் முழுக்க டவரத் தேடிட்டே இருக்கு.

போன் டவர்கிட்ட பேசறதுக்கு சக்தி செலவு பண்ணுது. 4ஜி போன் அதிகபட்சமா 200 மில்லிவாட் வரைக்கும் வெளிய அனுப்பும். டவர் பக்கத்துல இருந்தா அதுல துளியூண்டு போதும். நீங்க பள்ளத்துல நின்னு டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தா தொண்டை கிழிய கத்தற மாதிரி முழு சக்தியும் போடும். பத்தாததுக்கு 5ஜி வந்து வந்து போற எடமா இருந்தா போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறி தாவிட்டே இருக்கும். ஏர்டெல் மாதிரி 5ஜிய 4ஜியோட கை கோத்து குடுக்கற நெட்வொர்க்ல ரெண்டு ரேடியோவும் ஒரே நேரத்துல ஓடும், பேட்டரி சும்மா இருக்குமா.

அடுத்தது குளிர். லித்தியம் அயன் பேட்டரிக்குள்ள அயனிங்க ஒரு திரவத்து வழியா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துட்டு இருக்கும். குளிர்ல அந்த ஓட்டம் மந்தமாகி உள்ள தடை ஏறிரும். அந்த நேரம் பாத்து கேமராவோ வீடியோ காலோ ஆன் பண்ணினா போன் திடீர்னு நெறய கரண்ட் கேக்கும், பேட்டரியால குடுக்க முடியாம வோல்டேஜ் சடார்னு எறங்கும், போன் பேட்டரி தீந்துருச்சுன்னு நெனச்சு தன்னைத் தானே ஆஃப் பண்ணிக்கும். உள்ள சார்ஜ் அப்படியே இருக்கும். கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள்ள வெச்சுட்டு ஆன் பண்ணிப் பாருங்க, இருபதோ இருபத்தஞ்சோ காட்டும். அப்படிக் காட்டினா அது குளிர் பண்ற வேலை. ஆனா ஒண்ணு, பழைய பேட்டரில உள்ள தடை ஏற்கனவே ஏறியிருக்கும், அதனால அதே குளிர் புதுப் பேட்டரிய விட பழசத்தான் ஜாஸ்தி அடிக்கும்.

ஐபோன வேலை செய்ய வைக்கறதுக்கு ஆப்பிள் சொல்ற அளவே 0 டிகிரிலருந்து 35 டிகிரி வரைக்கும்தான். தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர் ஜனவரி விடியக்காலைல புல்லு வெள்ளையா இருக்கும்போது பைக் ஹேண்டில்ல போன மாட்டிட்டு போனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. பூஜ்யத்துக்குக் கீழ இருக்கற பேட்டரிய சார்ஜ் போட்டா உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு நிரந்தரமா கெட்டுரும், அதனால வண்டிலயோ திண்ணைலயோ ராத்திரி பூரா கெடந்த போன எடுத்தவுடனே சார்ஜ்ல போடாதீங்க. அதுக்காக குளிர் போகட்டும்னு அடுப்புப் பக்கத்துலயோ ஹீட்டர் முன்னாடியோ வைக்கவும் கூடாது, சூடு பேட்டரிக்கு குளிர விட மோசம். பாக்கெட்ல வெச்சிருந்தா போதும், உடம்புச் சூடே சரியாக்கிரும். வெளிய இருந்து கதகதப்பான சமையக்கட்டுக்குள்ள கொண்டு வந்தா கண்ணாடி டம்ளர்ல வேர்க்கற மாதிரி போன்லயும் வேர்க்கும், சார்ஜ் ஓட்டைக்குள்ளயும்தான், அதனால அர மணி நேரம் விட்டுட்டு சார்ஜ் போடுங்க.

அத்தைக்கு நான் பண்ணினது மூணே வேலை. ரெண்டாவது சிம்ம செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணினேன், நெட்வொர்க்க 4ஜிக்கு மாத்தினேன், போன ஸ்வெட்டர் உள்பாக்கெட்ல வெச்சுக்கச் சொன்னேன். அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு 41 பர்சென்ட் இருந்துச்சு. பையன் புதுப் போன் காசுல அம்மாவுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் எடுத்துக் குடுத்தான்.

வீட்ல பைபர் இருந்தா வைஃபை காலிங்க ஆன் பண்ணி வைங்க, சிக்னல் இல்லாத வீட்லயும் கால் வரும், சார்ஜும் மிச்சம்.

பேட்டரியோட உண்மையான நெலமைய தெரிஞ்சுக்க ஐபோன்ல செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த். சாம்சங்ல சாம்சங் மெம்பர்ஸ் ஆப்ல டயக்னாஸ்டிக்ஸ். மத்த போன்ல பேட்டரி பக்கத்துலயே சிலதுல காட்டும், சிலதுல காட்டாது. எதுவும் காட்டலைன்னா நான் பண்ற வழி இதுதான்: ராத்திரி வீட்டுக்குள்ள ஏரோப்ளேன் மோட்ல போட்டுட்டு பர்சென்ட்ட எழுதி வெச்சுட்டு தூங்குங்க, காலைல ரெண்டு மூணு எறங்கியிருந்தா பரவால்ல, பத்துக்கு மேல எறங்கியிருந்தா பேட்டரியோ ஏதாவது ஆப்போ தின்னுது. அடுத்த நாள் வீட்டுக்குள்ளயே வைஃபைல ஒரு மணி நேரம் வீடியோ ஓட விடுங்க, அதுலயும் முப்பது நாப்பதுன்னு எறங்கினா பேட்டரி தளந்துருச்சு, சந்தேகமே வேண்டாம்.

பவர் பேங்க் வாங்கினா போதாதான்னு கேப்பீங்க. காத்துல மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லாத ஊர்ல அது எப்படியும் வீட்ல இருக்க வேண்டிய பொருள்தான். ஆனா கொள்ளளவு 10000 எம்ஏஎச்னு போட்டிருந்தா 10000மும் போனுக்கு வராது, வோல்டேஜ் மாத்தறதுல போக ஆறாயிரம் சொச்சம்தான் கைக்கு வரும், டப்பா பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெப்பாசிட்டின்னு அதையும் போட்டிருப்பாங்க.

## பேட்டரி மாத்தறது

சோதனைல பேட்டரிதான் காரணம்னு தெரிஞ்சு, அப்டேட் இன்னும் வந்துட்டு இருந்து, உங்களுக்கு வேணுங்கற பேண்டும் இருந்தா இதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம், இதுதான் என் முடிவு. போன் பேட்டரிய பொதுவா 500 தடவ முழு சார்ஜ் ஆனப்பறமும் 80 பர்சென்ட் கொள்ளளவு இருக்கற மாதிரி செய்வாங்க, ஐபோன் 15லருந்து ஆப்பிள் அத 1000னு சொல்லுது. தெனமும் ஒரு முழு சார்ஜ்னா ஒன்றரை வருஷத்துல 500 வந்துருது, நம்ம ஊர் சிக்னல்ல தெனமும் ஒண்ணுக்கு மேலயே ஆகும், அதனால மூணு வருஷத்துப் போன்ல பேட்டரி தளர்றது அதிசயமில்ல. பேட்டரிதான் தேயற பொருள், சைக்கிளுக்கு டயர் மாதிரி. டயர் தேஞ்சதுக்கு யாரும் சைக்கிள விக்கறதில்ல.

கணக்க பாப்போம். பேட்டரியும் கூலியும் சேத்து 1500, மலை எறங்கி ஏற, ஒரு நாள் கூலி எல்லாம் சேத்து 500ன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 2000, ரெண்டு வருஷம் ஓடினா மாசம் 83 ரூபா. ஐபோனுக்கு பேட்டரி வெலை இதுக்கு பல மடங்கு, ஆனா அந்த போனோட வெலையும் அப்படித்தான்.

எங்க மாத்தறதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டர்னா ஒரிஜினல் பேட்டரி, பில்லு, மூணு மாசமாவது வாரண்டி. ஆனா எறங்கறதுக்கு முன்ன போன் பண்ணி உங்க மாடல் நம்பர சொல்லி பேட்டரி ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க, இருந்தா பேர எழுதி வைக்கச் சொல்லுங்க. நான் ஒரு தடவ கேக்காம போய், ஸ்டாக் இல்ல வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லி வெறுங்கையோட மலை ஏறினேன், அன்னிக்கு மழை வேற, பர்லியாறு தாண்டி பஸ் ரெண்டு மணி நேரம் நின்னுருச்சு.

லோக்கல் கடைல மாத்தினா அங்கயே ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும். நல்லா வேலை தெரிஞ்ச தம்பிங்க ஊட்டி மார்க்கெட் பக்கமும் குன்னூர்லயும் இருக்காங்க, நான் குறை சொல்லல, ஆனா போடற பேட்டரிய நீங்க கைல வாங்கிப் பாக்கணும். மேல பிஐஎஸ்ங்கற இந்தியத் தர முத்திரையும் ஐஎஸ் 16046ங்கற எண்ணும் இருக்கணும். போன்ல கம்பெனி போட்ட பேட்டரி 5000 எம்ஏஎச்னா அதே அளவு பேட்டரில 6500ன்னு அச்சடிச்சிருந்தா அது பொய்யி, அதே எடத்துல அவ்ளோ அடைக்க முடியாது, வாங்காதீங்க. தயாரிச்ச தேதியும் பாருங்க, ரெண்டு மூணு வருஷம் கடைல கெடந்த பேட்டரி உபயோகிக்காமலே தேஞ்சிருக்கும். புது மாடல் ஐபோன்ல ஒரிஜினல் இல்லாத பேட்டரி போட்டா செட்டிங்ஸ்லயே அத காட்டிக் குடுத்துரும்.

நம்ம ஊருக்கு முக்கியமான ஒண்ணு இருக்கு. பேட்டரி மாத்தணும்னா பின்பக்கத்த சூடு காட்டி, மெல்லிசான பிளாஸ்டிக் பட்டைய சொருகி, சுத்தி இருக்கற பசைய அறுத்துத்தான் தெறப்பாங்க. அந்தப் பசைதான் தண்ணி உள்ள போகாம தடுத்துட்டு இருந்தது. மூடும்போது பழைய பசைய சுத்தமா வழிச்சு எடுத்துட்டு புதுப் பசையோ அந்த மாடலுக்குன்னே வெட்டின ஸ்டிக்கரோ போட்டு ஒட்டணும். அவசரத்துல நாலு மூலைல மட்டும் ஒரு பொட்டு வெச்சு அமுக்கிக் குடுத்தா வெயில் ஊர்ல ஓடும், இங்க ஒரே ஒரு மழைல கேமரா கண்ணாடிக்குள்ள பனி கட்டிரும். பக்கத்துலயே நின்னு பாருங்க, நாலு ஓரமும் ஒட்டச் சொல்லிக் கேளுங்க, அம்பது ரூபா சேத்துக் கேட்டாலும் குடுத்துருங்க. என்ன பண்ணினாலும் கம்பெனில வந்த மாதிரி தண்ணி தாங்காது, மாத்தினப்பறம் மழைல போன வெளிய எடுக்காதீங்க.

பின்பக்கம் உப்பி டிஸ்ப்ளே மேல தூக்கிட்டு வந்திருந்தா இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், சார்ஜ் போடறத இன்னிக்கே நிறுத்துங்க, அமுக்கிப் பாக்காதீங்க, ஆஃப் பண்ணி நேரா கடைக்கு. கழட்டின பேட்டரிய குப்பைல போடாம கடைலயே குடுத்துருங்க, குப்பை வண்டில நசுங்கினா தீப்புடிக்கும்.

பேட்டரி மாத்தக்கூடாத நெலமை எது? அப்டேட் நின்னு ரொம்ப நாள் ஆச்சு, டிஸ்ப்ளேயும் கோடு விழுந்திருக்கு, ஸ்டோரேஜ் நெறஞ்சு ஒரு போட்டோ எடுக்க ரெண்டு போட்டோ அழிக்க வேண்டியிருக்கு, இப்படி ரெண்டு மூணு சேந்துருச்சுன்னா அந்த 2000 வீண்.

## செகண்ட்ஸ் வாங்கறது

நெறய பேர் தடுக்கி விழற எடம் இதுதான். எட்டாயிரத்துக்கு கெடைக்குது, புதுசு பதினஞ்சு, பாதி வெலைதானேன்னு தோணும். ஆனா ரெண்டு வருஷம் ஓடின போன வாங்கறீங்கன்னா ரெண்டு வருஷம் ஓடின பேட்டரியையும் சேத்து வாங்கறீங்க. நீங்க ஓடி வந்ததே பேட்டரி பிரச்சனைக்குத்தான். 8000 கூட 1500 போட்டு பேட்டரி மாத்தினா 9500. அப்டேட் மிச்சம் ரெண்டு வருஷம்னா மாசம் 396 ரூபா. கீழ புதுப் போன் கணக்க பாத்துட்டு இத திரும்ப வந்து பாருங்க.

காசுக்கு மேல இன்னொரு பயம் திருட்டுப் போன். போன்ல *#06# அடிச்சா ஐஎம்இஐங்கற, அந்த போனுக்குன்னே இருக்கற அடையாள நம்பர் வரும், கேவைஎம்னு ஆங்கிலத்துல அடிச்சு ஒரு எடம் விட்டு அந்த 15 எண்ண போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா அந்த போன் விவரமும், அது தடை பண்ணினதாங்கறதும் வரும். மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்லயும் பாக்கலாம், 2023ல ஆரம்பிச்சாங்க. பில்லுலயும் டப்பாலயும் அதே நம்பர் இருக்கணும். டப்பா தொலைஞ்சுருச்சு, பில்லு ஊர்ல இருக்குன்னு சொன்னா வாங்காம வந்துருங்க, எவ்ளோ சல்லிசா இருந்தாலும்.

தவணைல வாங்கி பாதி கட்டாம விட்ட போனும் சந்தைக்கு வருது. பைனான்ஸ்காரங்க அதுக்குள்ள பூட்டு ஆப் போட்டிருப்பாங்க, வாங்கின ரெண்டாவது மாசம் ஸ்க்ரீன்ல தவணை கட்டுங்கன்னு வந்து போன் கல்லாயிரும். விக்கறவர உங்க கண்ணு முன்னாடியே அவரோட கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ வெளிய எடுக்கச் சொல்லி, பேக்டரி ரீசெட் போட்டு, உங்க சிம்ம போட்டு முதல்லருந்து ஆன் பண்ணிப் பாருங்க. அத பண்ண தயங்கறாருன்னா அங்கயே பதில் கெடச்சுருச்சு.

வாங்கற எடத்துலயே டார்ச் அடிச்சு கேமரா கண்ணாடிக்குள்ள பாருங்க, உள்ள மூடுபனி மாதிரி தெரிஞ்சா அந்த போன் ஒரு தடவ நனைஞ்சிருக்கு. சிம் ட்ரேவ கழட்டி உள்ள பாத்தீங்கன்னா பல போன்ல ஒரு சின்ன வெள்ளப் பொட்டு இருக்கும், செவந்திருந்தா ஈரம் பட்டிருக்கு. மலைல ஓடின போனுக்கு இந்த ரெண்டு சோதனையும் கட்டாயம்.

அப்ப செகண்ட்ஸ் எப்பவுமே தப்பா? இல்ல. சித்தப்பா பையனோ கூட வேலை பாக்கறவரோ, வாங்கின நாள்லருந்து நமக்குத் தெரிஞ்ச கைல இருந்த போன், ஒன்றரை வருஷத்துக்குள்ள, பில்லோட வந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். இன்னொண்ணு, நீண்ட காலம் அப்டேட் தர்ற மாடல். கூகுள் பிக்சல் 8லருந்தும் சாம்சங் எஸ்24லருந்தும் 7 வருஷம்னு சொல்லியிருக்காங்க. அந்த மாதிரி போன் ரெண்டு வருஷம் பழசா வந்தாலும் அஞ்சு வருஷ அப்டேட் மிச்சம், பேட்டரி மாத்தின காசு சேந்தும் கணக்கு நிக்கும்.

## புதுசு எடுக்கறது

15000 போன், கவர், கிளாஸ், சிலதுல டப்பால சார்ஜர் வராது அது ஒண்ணு, எல்லாம் சேத்து 16000. நாலு வருஷம்னா மாசம் 333. நடுவுல ஒரு தடவ 2000 போட்டு பேட்டரி மாத்தி அஞ்சு வருஷம் ஓட்டினா 18000, மாசம் 300தான். தெருவுல கெடைக்கற செகண்ட்ஸ விட இது கம்மி, இத நான் போட்டுப் பாத்தப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா இது நாலஞ்சு வருஷம் அப்டேட் தர்ற போனுக்கு மட்டும். ரெண்டு வருஷம்தான்னு சொல்ற மாடல் பன்னெண்டாயிரத்துக்கு கெடச்சாலும் மாசம் 500 ஆயிருது. டப்பா மேல மெகாபிக்சல் பெருசா இருக்கும், அப்டேட் வருஷம் எங்கயும் இருக்காது, நீங்கதான் தேடிக் கேக்கணும்.

கடைக்காரர்கிட்ட நான் கேக்கற மொத கேள்வி, இதுக்கு சர்வீஸ் சென்டர் எங்க? மேல எல்லா கம்பெனிக்கும் கெடையாது. வாங்கறதுக்கு முன்ன கம்பெனி சைட்ல உங்க பின்கோட போட்டுப் பாருங்க. ரெண்டு போன் ஏறக்குறைய சமமா இருந்தா மலை மேல சர்வீஸ் இருக்கறத எடுங்க, ரெண்டாயிரம் ஜாஸ்தியா இருந்தாலும் சரி, ஒரு டிஸ்ப்ளே உடைஞ்சா அது வசூலாயிரும். அடுத்தது பேண்ட் 28, என்28. அதுக்கப்பறம் ஐபி68 மாதிரி தண்ணி தாங்கற தரம், அது இருந்தாலும் தண்ணி புகுந்து கெட்டா வாரண்டில எடுக்க மாட்டாங்கங்கறத மனசுல வெச்சுக்கங்க.

தவணைல எடுக்கறவங்க வட்டியில்லாத தவணைன்னு சொன்னாலும் ப்ராசசிங் பீஸையும் அதுக்கு மேல போடற ஜிஎஸ்டியையும் கேட்டு எழுதிக்கங்க, கைல காசு குடுத்தா கெடைக்கற தள்ளுபடி தவணைக்கு உண்டான்னும் கேளுங்க.

## ஒரே பார்வைல

| | சோதிச்சு சரி பண்றது | பேட்டரி மாத்தறது | செகண்ட்ஸ் | புதுசு |
|---|---|---|---|---|
| மாசக் கணக்கு, மேல போட்ட உதாரணப்படி | 0 | 83 | 396 | 300 முதல் 333 |
| கூட ஒளிஞ்சிருக்கற செலவு | ஒரு வாரப் பொறுமை | மலை எறங்கறது, பசை போறது | பழைய பேட்டரி, திருட்டு, தவணைப் பூட்டு | கவர், சார்ஜர், பீஸ் |
| மழை, பனி | உள்ளது உள்ளபடி | ஒட்டறதப் பொறுத்து | ஏற்கனவே நனைஞ்சிருக்கலாம் | நல்லா தாங்கும் |
| யாருக்கு | எல்லாருக்கும், முதல்ல | அப்டேட் வர்ற, மத்தபடி நல்லா இருக்கற போனுக்கு | தெரிஞ்ச கைலருந்து வர்றதுக்கு மட்டும் | அப்டேட் நின்ன, பேண்ட் இல்லாத போனுக்கு |

## மூணு பேருக்கும் நான் சொன்னது

டாக்ஸி அண்ணனுக்கு புதுசுதான். அவர் போன்ல செக்யூரிட்டி தேதி ரெண்டு வருஷத்துக்கு முன்னது, அதே போன்லதான் டூரிஸ்ட் பணம் பூரா யூபிஐல வருது. மேப், கால், ஹாட்ஸ்பாட்னு நாள் பூரா ஓடற போன், பேண்ட் 28 இல்ல, பேட்டரிய மாத்தினாலும் அவலாஞ்சி ரோட்ல திரும்பவும் அதே பாடுதான். வண்டில நல்ல சார்ஜர் ஒண்ணு போட்டுக்கங்க, போன கண்ணாடிக்கு முன்னாடி வெயில்ல மாட்டாதீங்கன்னும் சொன்னேன்.

கூடலூர் தங்கச்சி சாயங்காலம் பஸ் விட்டு எறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கணும், யானை நடமாட்டம் இருக்கற ரோடு, அந்த நேரத்துல போன்ல டார்ச்சும் இல்லாம, வீட்டுக்கு கூப்பிடவும் முடியாம நிக்கக்கூடாது. அவங்க போன் டிஸ்ப்ளேல பாதி டச் வேலை செய்யல, அதுக்கு செலவு பண்றது வீண். பெரியப்பா பையன் தன்னோட போன ஏழாயிரத்துக்கு தர்றேன்னு சொல்லியிருக்கார், வாங்கி ஒரு வருஷம் நாலு மாசம், பில்லு இருக்கு, அப்டேட் இன்னும் மூணு வருஷம் இருக்கு. வாங்கிக்கம்மான்னு சொல்லிட்டேன். பழைய போன வீட்ல டார்ச்சுக்கும் அலாரத்துக்கும் வெச்சுக்கட்டும்.

கோத்தகிரி அக்கா போன்ல போன மாச அப்டேட் வந்திருக்கு, டிஸ்ப்ளே கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு கீறல் இல்ல. 4ஜிக்கு மாத்தி ஒரு வாரம் பாத்தோம், கொஞ்சம் தேவல, ஆனா வீட்டுக்குள்ள வைஃபைல வீடியோ ஓட விட்டா ஒரு மணி நேரத்துல 38 எறங்குது. அதனால பேட்டரி. போன் பண்ணி கேட்டாச்சு, ஸ்டாக் இருக்குன்னு பேர எழுதிக்கிட்டாங்க, வியாழக்கிழமை காலைல மொத பஸ்ஸுக்கு எறங்கறாங்க, போட்டோ பூரா பையன் ராத்திரியே லேப்டாப்ல ஏத்திட்டான்.